குற்ற எண் தெரியுமா அக்கா?

முதல் பேருந்து காலை 5.40க்கு. அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். ஒன்பதரைப் பேருந்தில் ஏறினால் நீதிமன்றம் போய்ச் சேரும்போது நகல் பிரிவில் மனு வாங்கும் நேரம் முடிந்திருக்கும். இதை ஒரு முறை போய்த் திரும்பிய பிறகுதான் கற்றுக்கொண்டோம். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு காலனியிலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அக்காவுக்கு அன்றைய நூறு நாள் வேலை போய்விடும். எங்களில் இரண்டு பேர் சட்டக் கல்லூரி மாணவர்கள், வகுப்பு போய்விடும். இந்தக் கணக்கையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீதிமன்ற நகலுக்குப் பக்கத்துக்குச் சில ரூபாய்தான் கட்டணம். உண்மையான செலவு இதுதான்.

ஊர் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை, அக்கா அதே ஊரில்தான் இருக்கிறார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2012இல் காலனியில் ஒரு பாட்டி இறந்துபோனார். ஊர்த் தெரு வழியாகப் பாடையைக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். மழையில் வயல்வரப்பு முழுகிக் கிடந்தது, வேறு வழியில்லை. பேச்சு முற்றி அடிதடியானது. அக்காவின் கணவருக்குத் தலையில் அடி. பதினோராம் நாள் மருத்துவமனையில் இறந்தார். வழக்குப் பதிவானது, சிலர் கைதானார்கள், பிறகு பிணையில் வந்தார்கள். நிவாரணத்தில் ஒரு பகுதி வந்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்றே அவர் நினைத்திருந்தார்.

2022இல் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் எதிரிகளில் ஒருவர் அவர் காதுபட, "எங்க கேஸு முடிஞ்சு அஞ்சு வருசம் ஆச்சு" என்று சொன்னார். அன்று சாயங்காலம் நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலைக்கு அக்கா வந்தார். பிள்ளைகள் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கேஸு முடிஞ்சா கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. "குற்ற எண் தெரியுமா அக்கா?" என்று திருப்பிக் கேட்டோம்.

அவர் வீட்டுக்குப் போய் அரிசி டப்பாவின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். மருத்துவமனைச் சீட்டு, நிவாரணத்துக்கு வங்கியில் கொடுத்த காகிதம், காவல் நிலையத்தில் கொடுத்த ஒரு சின்ன ரசீது. ரசீதில் ஓர் எண்ணும் ஆண்டும் இருந்தன. இதோ கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். அங்கேதான் எங்கள் முதல் தவறு. அது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் எண் அது. எஃப்.ஐ.ஆர். போட்டால் தரும் குற்ற எண் வேறு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தேடினோம். ஒரு முறை மோட்டார் விபத்து வழக்கு ஒன்று வந்தது, ஒரு முறை எதுவுமே வரவில்லை. மூன்று மாதமும் அக்கா எங்களை நம்பிக் காத்திருந்தார்.

ஆகவே தோழர்களே, முதலில் இந்த எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே வழக்குக்குப் பல எண்கள் உண்டு. காவல் நிலையத்தில் குற்ற எண். குற்றப்பத்திரிகை தாக்கலானதும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஓர் எண். கொலை, வன்கொடுமை போன்ற வழக்குகளில் அந்தக் கட்டத்தில் அது பெரும்பாலும் பி.ஆர்.சி. எண்ணாக இருக்கும். அங்கிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பினால் எஸ்.சி. எண். இது சாதியைக் குறிப்பதல்ல, அமர்வு வழக்கு என்று பொருள். வன்கொடுமை வழக்கானால் சிறப்பு அமர்வு வழக்கு எண். பிறகு மாவட்டத்தில் வன்கொடுமை வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் திறந்தால் கட்டு அங்கே போய், மறுபடியும் எண் மாறும். 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் பிரிந்தன. இப்படிப் பிரிந்த இடங்களில் பழைய கட்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதே தனிக் கேள்வி. அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முன் எண், பின் எண் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்ததைப் பிடிக்க முடியாது.

காவல் நிலையத்துக்குப் போனோம். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "பத்து வருசத்து ஃபைலும்மா, எங்க போய்த் தேடறது? கோர்ட்ல கேளுங்க." நீதிமன்றத்தில் கேட்டோம். "நம்பர் கொண்டாங்க, ஸ்டேஷன்ல கேளுங்க." இரண்டுக்கும் நடுவில் 47 கிலோமீட்டர்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆவது பிரிவிலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 173ஆவது பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, நகல் கொடுப்பதை அரசு ஊழியரின் கடமை என்றே சொல்கிறது. வேண்டுமென்றே கடமை தவறினால், அவர் பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சாராதவராக இருந்தால், தண்டனையும் உண்டு. 2016இல் உச்ச நீதிமன்றம் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது. இணைய வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம்வரை கொடுத்தது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு தந்தது. ஆனால் எங்கள் வழக்கு 2012. அது இணையத்துக்கு முந்திய காகிதம்.

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். கூட்டத்துக்கு வந்திருந்த வயதான தோழர் ஒருவர் கேட்டார்: "நிவாரணம் குடுத்தாங்கல்ல? எதை வச்சுக் குடுத்தாங்க?"

வன்கொடுமை வழக்கில் நிவாரணம் கட்டம் கட்டமாக வரும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு காகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. காகிதம் இல்லாமல் பணம் ஒப்பளிக்க முடியாது. அப்படியென்றால் மாவட்ட ஆட்சியரகத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பிரிவின் கோப்பில் எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தாக வேண்டும். அக்காவின் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டோம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவு அஞ்சலில் அனுப்பினோம். முப்பது நாளில் வர வேண்டியது நாற்பத்தொரு நாளில் வந்தது. எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகையின் முதல் சில பக்கங்கள், நிவாரண ஆணை. குற்ற எண் கிடைத்தது.

அதற்கு அடுத்த எண்ணையும் பார்த்தோம். அதே நாள், அதே இடம், எங்கள் ஆட்கள் மீது எதிர் வழக்கு. இதை நீங்களும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குற்ற எண் கிடைத்தால் அதற்கு முன் எண்ணையும் பின் எண்ணையும் விசாரியுங்கள். "நீ வாபஸ் வாங்கு, நான் வாபஸ் வாங்கறேன்" என்று சமரசம் பேசுவது அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். காலனிப் பெரியவர் ஒருவர்தான் 2012இல் புகார் கொடுத்தவர். அவர் மகன் எதிர் வழக்கில் இரண்டாம் எதிரி. இதைப் படித்த அன்று எங்களுக்குப் பாதிக் கதை புரிந்துவிட்டது.

குற்ற எண் கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொண்டே தேடலாம். மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், எண், ஆண்டு. அங்கும் ஒரு தவறு செய்தோம். நிலுவை வழக்குகளில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டினோம். பக்கத்திலேயே முடிந்த வழக்குகள் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பெயரைக் கொண்டு தேடுவதாக இருந்தால் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஒரு முருகேசனை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள், முதல் சில எழுத்துகளை மட்டும் போடுங்கள். வழக்கு வந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் அடுத்த முறை ஒரே தட்டில் வழக்கு வந்துவிடும்.

திரையில் வந்தது: வழக்கு முடிந்தது. 2017. விடுதலை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள்ளேயே இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தோம். அது எங்கள் இரண்டாவது பெரிய தவறு. அவர் வாழ்க்கை, அவர் வழக்கு. தெரிந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னபோது அவர் அழவில்லை. "ஏன்னு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். அதைப் போட்டிருக்கவில்லை. காரணம் தீர்ப்பில்தான் இருக்கும்.

முதலில் நீதிமன்றத்துக்கே தகவல் உரிமை மனு போட்டோம். திரும்பி வந்தது. திருப்பி அனுப்பியது சரிதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். நீதிமன்றக் கட்டில் இருக்கும் ஆவணங்களை உயர் நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டுத்தான் பெற வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் அல்ல என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகைகளை எல்லாரும் பார்க்க இணையத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்டதையும் 2023இல் மறுத்துவிட்டது. காவல் துறை, ஆட்சியரகம், மருத்துவமனை என்றால் தகவல் உரிமை. நீதிமன்றம் என்றால் நகல் மனு. இதைக் குழப்பிக்கொண்டால் இரண்டு மாதம் வீண்.

நகல் மனுவோடு போனோம். அங்கே இருந்தவர் மனுவைப் பார்த்துவிட்டு, "நீங்க பார்ட்டி இல்லையே" என்றார்.

யோசித்துப் பாருங்கள். குற்ற வழக்கு என்பது அரசுக்கும் எதிரிக்கும் நடுவில் நடப்பது. கொலையானவரின் மனைவி அதில் கட்சிக்காரர் இல்லை, வெறும் சாட்சி. எதிரிக்குக் குற்றப்பத்திரிகையும் சாட்சி வாக்குமூலங்களும் இலவசமாகக் கிடைக்கும். இவருக்கு எதுவும் வராது. புதிய சட்டத்தின் 230ஆவது பிரிவில்தான் பாதிக்கப்பட்டவருக்கும், வழக்கறிஞர் வைத்திருந்தால், அந்த நகல்களைத் தர வேண்டும் என்று வந்திருக்கிறது.

ஆனால் பழைய சட்டத்திலேயே 363(5) என்று ஓர் உட்பிரிவு இருந்தது. தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் தீர்ப்பையும், சாட்சியத்தையும், கட்டின் வேறு பகுதியையும் நகலாகப் பெறலாம். இப்போது அது 404ஆவது பிரிவில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் உறவினரும் வாரிசும் அடக்கம். நாங்கள் வாக்குவாதம் செய்யவில்லை. இரண்டு சட்டப் பிரிவுகளையும் குறிப்பிட்டு, அக்கா இறந்தவரின் மனைவி என்பதற்கு வாரிசுச் சான்றிதழை இணைத்து, ஒரு வழக்கறிஞர் தோழர் மூலம் பிரமாணப் பத்திரத்தோடு மறுபடி மனு போட்டோம். அந்த முறை எண் போட்டு வாங்கிக்கொண்டார்கள். வாய்ப்பேச்சுக்கு "இல்லை" என்று சொல்வது சுலபம். எழுத்தில் கொடுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டியிருக்கும், அதற்கு யாரும் அவ்வளவு சீக்கிரம் துணிய மாட்டார்கள்.

மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கட்டு பதிவறையிலிருந்து வந்து, பக்கம் எண்ணி, எத்தனை நகல் தாள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். சொன்ன கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. மலையடிவாரத்தில் இருக்கிறவர் தினமும் வந்து பலகையைப் பார்க்க முடியுமா? நீதிமன்றத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் எங்கள் நகல் மனு எண்ணை எழுதிக் கொடுத்தோம். தினமும் பலகையைப் பார்த்து ஃபோன் செய்தார். அவரும் நம்மாள்தான்.

கிடைத்த நகலின் கடைசிப் பக்கத்தில் தேதிகள் வரிசையாக இருக்கும். மனு கொடுத்த நாள், தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெற ஆன காலத்தைக் கழித்துவிடுவார்கள்.

இரண்டு பேருந்து மாறி வரும் வழியிலேயே படித்தோம். முதல் சாட்சி, புகார் கொடுத்த பெரியவர், பிறழ் சாட்சி. இரண்டு, மூன்று, பிறழ் சாட்சி. அரசுத் தரப்புக் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை, எதிரிகளுக்குச் சந்தேகத்தின் பலன். நேரில் பார்த்த அக்கா? குற்றப்பத்திரிகையில் நான்காம் சாட்சி. தீர்ப்பில் அவரைப் பற்றி ஒரே வரி. சம்மன் சார்பு செய்ய இயலாததால் விசாரிக்கப்படவில்லை.

அந்தச் சம்மனையும் பார்க்க வேண்டும் என்று மறுபடி மனு போட்டோம். கட்டில் இருக்கும் எல்லாக் காகிதங்களுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டமும் உயர் நீதிமன்ற விதிகளும் எதை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று சொல்கின்றன. கெடு முடிந்தால் அழித்துவிடலாம். நாங்கள் போனபோது கட்டு முழுசாக இருந்தது. சம்மனின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்: மேற்படி நபர் கிராமத்தில் வசிக்கவில்லை, வெளியூர் சென்றுவிட்டார், முகவரி தெரியவில்லை. கீழே தேதி, 2016 நவம்பர்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினோம். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் எங்கடா போனேன்? இந்த ஏரிக்கரையிலதான மண்ணு வெட்டிக்கிட்டு இருந்தேன்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டோம். நூறு நாள் வேலை அட்டையை எடுத்துவரச் சொன்னோம். சம்மன் திரும்பிய அதே வாரத்தில் அதே ஊராட்சியில் அவர் வேலை செய்ததாகப் பதிவு. கூலிப் பட்டியல் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே முகவரியில் வாக்காளர். அதே முகவரியில் ரேஷன் அட்டை. அவர் ஊரில் இல்லை என்று ஒரு காகிதம் சொன்னது. இருந்தார் என்று மூன்று காகிதங்கள் சொன்னோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் 15ஏ பிரிவு இருக்கிறது. பிணையிலிருந்து தீர்ப்பு வரை ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் தர வேண்டும். அவர் பேச விரும்பினால் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்காவின் கட்டில் அப்படி ஒரு தகவல் அனுப்பியதற்கான காகிதம் எதுவும் இல்லை. இல்லாத காகிதமும் ஒரு சான்று என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார்.

இப்போது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. சட்டத்தில் 90 நாள் கெடு, 180 நாளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்த 180 நாள் தடை செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னதையும் சேர்த்து வாதிடுகிறோம். என்ன ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

நம் வரலாற்றில் வென்ற வழக்குகளைப் பாருங்கள். வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்ததற்கு 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த மலைவாழ் பெண்கள் முப்பது ஆண்டு சாட்சி சொன்னார்கள். அவர்கள் கூடவே யாரோ சிலர் முப்பது ஆண்டு கோப்புகளைச் சுமந்தார்கள். 1997 மேலவளவுப் படுகொலை வழக்கு மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019இல் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தது. வென்ற பிறகும் கோப்பைக் கீழே வைக்க முடியாது என்பதற்கு அது சாட்சி.

ஆர்ப்பாட்டத்துக்கு வருகிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பகுதியில் கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த வன்கொடுமைகளில் எத்தனைக்குக் குற்ற எண் உங்களிடம் இருக்கிறது? நாங்கள் ஒரு நீள நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். தேதி, நிலையம், குற்ற எண், எதிர் வழக்கு எண், நீதிமன்ற எண், அடுத்த வாய்தா, கடைசியாகப் பாதிக்கப்பட்டவரைப் பார்த்த நாள். இதுவரை 23 வழக்குகள். அவற்றில் 6 வழக்குகள் முடிந்துவிட்டன என்பதே சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டவர் கேட்காமல் அவர் பெயரையோ ஆவணத்தையோ முகநூலில் போடாதீர்கள். காகிதம் அவருடையது, நாம் தூக்கிவருகிறவர்கள் மட்டுமே.

அக்காவிடம் இப்போது ஒரு கெட்டி அட்டைக் கோப்பு இருக்கிறது. அரிசி டப்பாவில் அது அடங்கவில்லை, பரணில் வைத்திருக்கிறார். போன மாதம் அடுத்த காலனியிலிருந்து ஒரு பெண் இரவுப் பாடசாலைக்கு வந்து அழுதபடி ஏதோ சொல்லத் தொடங்கினார். நாங்கள் வாய் திறப்பதற்கு முன் அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"குற்ற எண் தெரியுமாடி?"

ஜெய்பீம்.